தூசியா, பாலைவனமா? அரூபப் புகைப்படங்கள் ஆளுக்கொரு விதமாகத் தெரிவது ஏன்

கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. நெடுக ஓடும் சில கோடுகள். சில இடங்களில் வளைந்து, சில இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. நடுவே சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக ஏதோ படிந்திருக்கிறது. அங்கங்கே வெள்ளைக் குவியல்கள். வானம் இல்லை, மரம் இல்லை, மனிதர் இல்லை. விமானத்திலிருந்து பார்த்த பாலைவனம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். பழைய விமான ஓடுதளம், தொல்லியல் துறை தோண்டிப் போட்ட ஊர், சண்டை முடிந்த களம் என்று எதைச் சொன்னாலும் படம் மறுக்காது.

உண்மையில் அது ஒரு கண்ணாடிமேல் படிந்த தூசி. மார்சல் டூஷாம் என்ற பிரெஞ்சுக் கலைஞர் நியூயார்க்கில் பெரிய கண்ணாடிப் படைப்பு ஒன்றைப் பல வருடங்களாக இழுத்தடித்துச் செய்துகொண்டிருந்தார். அதைப் படுக்கவைத்து, துடைக்காமல், மாதக்கணக்கில் தூசி சேரவிட்டிருந்தார். 1920இல் அவருடைய நண்பரான அமெரிக்கக் கலைஞர் மேன் ரே கேமராவோடு அங்கே போனார். தலைக்கு மேலே ஒற்றை பல்பு; வெளிச்சம் போதாது. ஷட்டரைத் திறந்துவைத்துவிட்டு இருவரும் சாப்பிடப் போனார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து வந்து மூடினார்கள். மேன் ரே தன் சுயசரிதையில் சொல்லும் கதை இது. ஃபோகஸ் பார்க்கும்போதே, பறவை மேலிருந்து பார்க்கிற விசித்திரமான நிலம் மாதிரி இருந்தது என்றும் எழுதுகிறார். மேகம்போலத் தெரியும் அந்த வெள்ளைக் குவியல்கள், கண்ணாடியைத் துடைக்க வைத்திருந்த பஞ்சு.

1922 அக்டோபரில் பாரிஸில் ஆந்த்ரே பிரெதோன் நடத்திய இலக்கிய இதழில் இந்தப் படம் வெளியானது. ‘மேன் ரே விமானத்திலிருந்து எடுத்த காட்சி, 1921’ என்று அடியில் போட்டிருந்தார்கள். கூடவே, இது ரோஸ் செலாவியின் ராஜ்யம், எவ்வளவு வறண்டது, எவ்வளவு வளமானது, எவ்வளவு மகிழ்ச்சியானது, எவ்வளவு சோகமானது என்று நாலு வரி. ரோஸ் செலாவி என்பது டூஷாம் தனக்கே வைத்துக்கொண்ட பெண் பெயர். வருஷமும் தப்பு, விமானமும் பொய். ஆனாலும் அன்றைய வாசகர் அதை நம்பியிருந்தால் குறை சொல்ல முடியாது. முதல் உலகப் போர் முடிந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. பதுங்கு குழிகளையும் குண்டு விழுந்த பள்ளங்களையும் மேலிருந்து எடுத்த படங்கள் அந்தத் தலைமுறைக்குப் புதிதில்லை.

‘தூசி வளர்ப்பு’ என்ற தலைப்பு பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அந்தத் தலைப்போடுதான் படம் மியூசியங்களில் தொங்குகிறது. அதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்கிறவருக்கு முதலில் தெரிவது தூசி. நிலம் அப்புறம்தான் தோன்றும், தோன்றினால். 1922இல் இதழைப் புரட்டியவருக்கு வரிசை நேர் எதிர். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

அரூபப் படம், அதாவது இன்ன பொருள் என்று அடையாளம் தெரியாத படம், என்று வந்துவிட்டால் ‘ஆளுக்கொரு அர்த்தம், எல்லாமே சரிதான்’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றையும் விளக்குவதில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடுவது உண்மை. அந்த வேறுபாடு சும்மா வருவதில்லை என்பதுதான் என் கட்சி. படம் எதை மறைத்தது, பார்க்கிறவர் அந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்பினார் என்று தேடிப் போனால் பெரும்பாலும் காரணம் கையில் கிடைத்துவிடும். தூசிப் படம் மறைத்தது அளவை. சட்டகத்தை நெருக்கி வெட்டியதில் கண்ணாடியின் விளிம்பும் அதற்கு அப்பால் இருந்த அறையும் போய்விட்டன. ஓரத்தில் ஒரு தீப்பெட்டி கிடந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இந்தக் குழப்பம் ஓவியத்துக்கு அவ்வளவாக இல்லை. மாடர்ன் ஆர்ட் ஓவியத்தின் முன்னால் நிற்கிறவர் ‘என்ன சொல்ல வர்றாரு?’ என்று கேட்பார். புகைப்படத்தின் முன்னால் அதே ஆள் ‘இது என்ன?’ என்று கேட்பார். லென்ஸுக்கு எதிரே ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும், அதன்மேல் பட்ட வெளிச்சம்தான் உள்ளே வந்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எவ்வளவு அரூபமான புகைப்படமாக இருந்தாலும் அதற்கு ஒரு விடை எங்கேயோ இருக்கிறது என்ற நினைப்பு விடுவதில்லை.

ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் இந்த நினைப்போடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர். அமெரிக்காவில் புகைப்படத்தைக் கலையாக ஏற்கவைத்தவர்களில் முதல் வரிசைக்காரர். 1922இல் நியூயார்க் மாநிலத்தில் லேக் ஜார்ஜ் ஏரிக்கரையில் இருந்த குடும்ப வீட்டில் மேகங்களைப் படம் எடுக்க ஆரம்பித்தார். பத்து வருடத்துக்குமேல் விடவில்லை. அடிவானமோ மரக்கிளையோ இல்லாத வெறும் மேகங்கள் பல அதில் உண்டு. பிரதிகள் பெரும்பாலும் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம்தான் கூட. ‘ஈக்விவலென்ட்ஸ்’, அதாவது தன் அனுபவங்களுக்கு ஈடானவை, என்று பெயர் வைத்தார்.

ஏன் மேகம்? அவரே 1923இல் எழுதிய கட்டுரையில் சொல்கிறார். அவர் எடுக்கும் முகப் படங்களின் வலிமைக்குக் காரணம் எதிரே உட்காருகிறவர்களை அவர் வசியம் செய்துவிடுவதுதான் என்று ஓர் இளம் எழுத்தாளர் எழுதிவிட்டாராம். சரி, யாராலும் வசியம் செய்ய முடியாத ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன் என்று வானத்தைப் பார்த்துத் திரும்பினார். மேகம் எல்லோருக்கும் பொது, அதற்கு இன்னும் வரி போடவில்லை என்று ஒரு நக்கலும் உண்டு. அதே கட்டுரையில் இன்னொரு ஆசை: எர்னெஸ்ட் பிளாக் என்ற இசையமைப்பாளர் இந்தப் படங்களைப் பார்த்து ‘இசை! இது இசைதான்!’ என்று கத்த வேண்டும் என்று முன்னாலேயே ஓவியர் ஜார்ஜியா ஓகீஃபிடம் சொன்னாராம். பிளாக் வந்து பார்த்ததும் அப்படியே நடந்ததாம். இதை நமக்குச் சொல்வதும் ஸ்டீக்லிட்ஸ்தான். பார்வையாளரைத் தேர்ந்தெடுத்தவர் அவர், வரவேண்டிய பதிலை முன்கூட்டியே முடிவு செய்தவர் அவர், முதல் தொகுதிக்கு ‘இசை’ என்று பெயர் வைத்தவரும் அவர். வசியம் என்று சொன்ன எழுத்தாளர் பேரில் எனக்குக் கொஞ்சம் அனுதாபம் உண்டு.

எல்லாப் பார்வையாளரும் பிளாக் இல்லையே. ஸ்டீக்லிட்ஸ் நடத்திய காட்சிக்கூடத்தில் நடந்த உரையாடல்களைப் பக்கத்திலிருந்து குறித்துவைத்தவர் டோரதி நார்மன். அவர் குறிப்பில் ஒரு பேச்சு வருகிறது. வந்தவர் கேட்கிறார், இது தண்ணீரை எடுத்த படமா? எதை எடுத்த படமாக இருந்தால் என்ன என்கிறார் ஸ்டீக்லிட்ஸ். இருந்தாலும் தண்ணீர்தானா? அது முக்கியமில்லை என்கிறேனே. சரி, அப்போ வானமா? வானமாகத்தான் அமைந்தது, ஆனால் அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று எனக்குப் புரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் பொதுவாக ஸ்டீக்லிட்ஸ் பக்கம் நின்று அந்த ஆளைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கென்னவோ அந்த ஆள் கேட்டது நியாயமாகத்தான் படுகிறது. தண்ணீர் என்றால் பார்வை கீழே போகிறது. வானம் என்றால் மேலே. உடம்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தெரியாமல் அவர் தவிக்கிறார். மேகப் படங்கள் பலவற்றில் எது மேல், எது கீழ் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தரை என்ற ஒன்றைப் படத்திலிருந்து எடுத்துவிட்ட பிறகு, பார்க்கிறவர் தானே ஒரு தரையைப் போட்டுக்கொண்டுதான் நிற்க முடியும்.

இந்த இடத்தில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றைச் சொல்லலாம். ஸ்டீக்லிட்ஸின் படங்களை அமெரிக்காவின் பெரிய மியூசியம் ஒன்றுக்குள் முதலில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் ஒருவர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் 1877இல் பிறந்தவர். தந்தை இலங்கைத் தமிழரான முத்து குமாரசுவாமி. பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் இந்தியக் கலைப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த குமாரசாமியின் முயற்சியால் 1924இல் ஸ்டீக்லிட்ஸ் 27 படங்களை அங்கே கொடுத்தார். புகைப்படத்துக்கு மியூசியத்தில் என்ன வேலை என்று கேட்ட காலம் அது.

மேல் கீழ் பிரச்சினைக்குத் திரும்புவோம். இது வெறும் ரசனை விவகாரம் இல்லை. மூளை செய்யும் ஒரு கணக்கு இதற்குள் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் பேராசிரியரான நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் இதைப் பற்றி ஆய்வு வெளியிட்டார். ஒரு வட்டத்தின் மேல்பாதி வெளுத்தும் கீழ்ப்பாதி கறுத்தும் இருந்தால் அது நமக்குப் புடைப்பாகத் தெரியும். அதையே தலைகீழாகத் திருப்பினால் குழியாகத் தெரியும். வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து, அதுவும் மேலேயிருந்துதான் வரும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. சூரியனின் கீழே வாழ்ந்து பழகியதால் வந்த வழக்கம். கேட்டுக்கொண்டு செய்வதில்லை, தானாக நடக்கிறது.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். கூகுள் மேப்ஸில் சாட்டிலைட் படத்தைப் போட்டு இமயமலையின் ஏதாவதொரு பகுதியைப் பெரிதாக்குங்கள். பல இடங்களில் மலை முகடு பள்ளமாகத் தெரியும். ஆறு முகட்டின்மேல் ஏறி ஓடுவதுபோல இருக்கும். அங்கே சூரியன் தெற்கிலிருந்து அடிக்கிறது, வரைபடத்திலோ தெற்கு கீழே இருக்கிறது. மூளையின் கணக்குக்கு நேர் எதிர். போனைத் தலைகீழாகப் பிடித்தால் மலை மலையாகிவிடும். விமானப் படங்களைப் படிக்கும் தொழிலில் இருந்தவர்கள், நிழல் தங்களை நோக்கி விழுகிற மாதிரி படத்தைத் திருப்பி வைத்துக்கொள்வது இதனால்தான். ஒரு மண் சுவரையோ மரப்பட்டையையோ நெருங்கி எடுத்த அரூபப் படத்தில் ஒருவருக்கு மேடாகவும் இன்னொருவருக்குப் பள்ளமாகவும் தெரிகிறதென்றால், அவர்களுடைய ஆழ்மனதைத் தோண்ட வேண்டியதில்லை. ஒளி எங்கிருந்து வருகிறது என்று இருவரும் வேறுவேறு ஊகம் செய்திருப்பார்கள், அவ்வளவுதான். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்ட் 1916இல் கனெக்டிகட்டில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்து நிழல்களை எடுத்தபோது வட்ட மேசையைச் சாய்த்தே வைத்தார். தரை எது என்று கண் தேடி ஏமாற வேண்டும் என்றே செய்த ஏற்பாடு.

இன்னொரு காரணம், தெரிந்துகொண்டதை மறக்க முடியாமை. மனோதத்துவப் பாடநூல்களில் தவறாமல் வரும் ஒரு புகைப்படம் உண்டு, ஆர்.சி. ஜேம்ஸ் எடுத்தது. வெள்ளைத் தாளில் மை தெறித்த மாதிரி கறுப்புத் திட்டுகள் மட்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் புலப்படாது. நடுவில் தலையைக் குனிந்து தரையை மோந்துகொண்டிருக்கும் டால்மேஷன் நாய் என்று யாராவது சொன்னதும் நாய் எழுந்து நிற்கும். அப்புறம் எத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாலும் நாய்தான். பழைய திட்டுகள் திரும்பிவராது. ஒரே படத்தின் முன்னால், தெரிந்தவரும் தெரியாதவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு வேறு படங்களைப் பார்க்கிறார்கள். கண்காட்சிகளில் சிலர் பெயர்ச் சீட்டைப் படித்துவிட்டுப் படத்துக்கு வருகிறார்கள், சிலர் படத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டுக்குப் போகிறார்கள். வெளியே வந்து இருவரும் சண்டை போட்டால் ஆச்சரியமில்லை.

வாரப் பத்திரிகைகளில் வரும் ‘இது என்ன, கண்டுபிடியுங்கள்’ பகுதியும் இந்த வித்தையைத்தான் பயன்படுத்துகிறது: சீப்பின் பல், தீக்குச்சியின் தலை, பாகற்காயின் தோல். விடை தெரிந்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். நல்ல அரூபப் புகைப்படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் விடைக்குப் பிறகுதான் தெரியும். தூசி என்று தெரிந்த பிறகும் மேன் ரேயின் படத்தில் நிலம் அடங்குவதில்லை. இரண்டும் மாறிமாறி வந்துகொண்டே இருக்கின்றன. அப்படி வராத படங்களும் ஏராளம். இன்ஸ்டாகிராமில் அரூபம் என்ற பெயரில் ஓடும் நெருக்கப் படங்களில் பாதி, புதிர்ப் பக்கத்துக்குப் போக வேண்டியவை என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணும் மூளையும். பார்க்கிறவரின் வாழ்க்கை உள்ளே வரும்போது விஷயம் இன்னும் சூடு பிடிக்கிறது. இதற்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டனின் கிளிஞ்சல் படங்களைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. 1927இல், மெக்சிகோவிலிருந்து கலிஃபோர்னியா திரும்பிய வெஸ்டன், ஹென்ரியேட்டா ஷோர் என்ற ஓவியர் வைத்திருந்த நாட்டிலஸ் சங்கைப் பார்த்து மயங்கிப்போனார். கறுப்புப் பின்னணியில் ஒற்றைச் சங்கு. உள்ளிருந்தே ஒளி வருகிற மாதிரி இருக்கும். மணிக்கணக்கில் ஷட்டரைத் திறந்துவைத்து, லாரி போனால்கூட ஆடிவிடுமோ என்று பயந்து எடுக்க வேண்டிய ரகம். சில படங்களில் சங்கு சங்காகவே தெரியாது, சுருண்டு எழும் வெறும் வடிவம்தான்.

பிரதிகளை மெக்சிகோவிலிருந்த டீனா மொடோட்டிக்கு அனுப்பினார். அவரும் புகைப்படக் கலைஞர், வெஸ்டனின் முன்னாள் காதலி. மொடோட்டி அவற்றை நண்பர்களுக்குக் காட்டி, யார் என்ன சொன்னார்கள் என்று கடிதங்களில் எழுதினார். ஓவியர் டியேகோ ரிவேரா பார்த்துவிட்டு, வெஸ்டனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டாராம். இந்தப் படங்கள் தன் உடம்பையே தொந்தரவு செய்கின்றன, பார், நெற்றி வேர்க்கிறது என்றாராம். மெக்சிகோ ஓவியர் ஒரோஸ்கோவுக்குப் பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் செய்த ‘கடவுளின் கை’ சிற்பம் நினைவுக்கு வந்தது. இந்தச் சங்குதான் அந்தப் பெயருக்கு அதிகப் பொருத்தம் என்றார். மொடோட்டிக்கோ ஒரே நேரத்தில் அல்லி மலரும் கருவிலிருக்கும் சிசுவும் தெரிந்தன. ஆன்மிகமும் காமமும் சேர்ந்தே இருப்பதாக எழுதினார்.

வெஸ்டன் திகைத்துப்போய் நாட்குறிப்பில் பதில் எழுதுகிறார். எடுக்கும்போது உடல் சார்ந்த நினைப்பு எதுவுமே தனக்கு இல்லை, வடிவத்தை மட்டுமே பார்த்தேன் என்கிறார். சங்கில் புலன்களைத் தொடும் தன்மை இருப்பது தனக்குத் தெரியாததல்ல என்றும் ஒப்புக்கொள்கிறார்.

யார் சொன்னது சரி? எடுத்தவர் சொன்னதே கடைசி வார்த்தை என்றால் ரிவேராவின் வேர்வைக்குக் கணக்கில்லை. பார்த்தவர் சொன்னதுதான் என்றால் வெஸ்டன் பொய்யராகிவிடுவார். ஆனால் அந்த மூன்று பதில்களையும் கூர்ந்து கவனித்தால் அவை ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இல்லை. கை, உடல், கரு, மலர்: எல்லாமே உயிருள்ளவை, வளர்கிறவை, வளைந்தவை. யாரும் எஞ்சின் என்று சொல்லவில்லை, கட்டடம் என்று சொல்லவில்லை. படம் ஒரு எல்லையைப் போட்டிருக்கிறது. அதற்குள் எங்கே நிற்பது என்பதை மட்டும் அவரவர் தொழிலும் ஆசையும் முடிவு செய்திருக்கின்றன. ரிவேரா சுவர்களில் உடல்களை வரைந்தே வாழ்ந்தவர். ஒரோஸ்கோவுக்குச் சிற்பம் நினைவுக்கு வந்ததும், வெஸ்டனோடு வாழ்ந்த மொடோட்டிக்கு எல்லாம் கலந்து தெரிந்ததும் புரிந்துகொள்ளக்கூடியவைதான். ‘எல்லா அர்த்தமும் சரி’ என்பதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

பயிற்சியும் கண்ணை மாற்றும். ஆஸ்லோவில் ஸ்டீனே வோக்ட், ஸ்வைன் மாக்னுசென் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஓவியப் பயிற்சி உள்ளவர்களும் இல்லாதவர்களும் படங்களைப் பார்க்கும்போது கண் எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். பயிற்சி இல்லாதவர்களின் கண் மனித உருவத்தையும் அடையாளம் தெரிகிற பொருளையும் தேடி ஓடியது. பயிற்சி பெற்றவர்கள் அமைப்பையும் வெற்றிடங்களையும் பார்க்க அதிக நேரம் கொடுத்தார்கள். அடையாளம் தெரியும் பொருளே இல்லாத புகைப்படத்தின் முன்னால் முதல் கூட்டம் தவிப்பதும் இரண்டாம் கூட்டம் இளைப்பாறுவதும் இயல்பு.

அதற்காகப் பயிற்சி பெற்றவர் பார்ப்பதுதான் உண்மை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஏரன் சிஸ்கிண்டின் சுவர்ப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் வாழ்க்கையைப் பதிவு செய்துகொண்டிருந்தவர், 1940களில் திடீரென்று உரிந்த பெயின்ட், கிழிந்த போஸ்டர், தார் பூசிய சுவர் என்று போய்விட்டார். கலை வரலாறு படித்தவர் அவற்றைப் பார்த்ததும் ‘ஃபிரான்ஸ் கிளைன் மாதிரி’ என்பார். கிளைனின் பட்டைப் பட்டையான கறுப்பு வெள்ளை ஓவியங்கள் முதலில் காட்சிக்கு வந்தது 1950இல். சிஸ்கிண்ட் அதற்குப் பல வருடம் முன்பே சுவருக்கு வந்துவிட்டார். இருவரும் நண்பர்கள், பிற்காலத்தில் கிளைனின் நினைவாகவே ஒரு சுவர்ப் படத் தொகுதியையும் சிஸ்கிண்ட் செய்தார். ஆனால் படித்தவருக்கு ஓவியம் முதலில் தெரிந்து, சுவர் அதன் நகலாகிவிடுகிறது. கலை வரலாறு எதுவும் தெரியாத நம்மூர்க்காரருக்கோ அது நேராகச் சுவர்தான். சினிமா போஸ்டர் மேல் கட்சி போஸ்டர், அதன் மேல் கண்ணீர் அஞ்சலி, எல்லாம் மழையில் ஊறித் தொங்குவதைத் தினமும் பார்க்கிறவர். எந்த அடுக்கு எதற்கு முந்தியது, எது கையால் கிழித்தது, எது மாடு தின்றது என்று பிரித்துச் சொல்லக்கூடியவர். அந்தப் பார்வையும் ஒரு தேர்ச்சிதான்.

தூசிப் படத்தின் கதைக்கு ஒரு பிற்சேர்க்கை உண்டு. வளைகுடாப் போர் முடிந்து மாதங்கள் கழிந்து, 1991இல் சோஃபி ரிஸ்டெல்யூபர் என்ற பிரெஞ்சுக் கலைஞர் குவைத் பாலைவனத்துக்குப் போனார். அவர் மனதில் மேன் ரேயின் படம் இருந்தது. ஆகாயத்திலிருந்தும் தரையில் நின்றும் எடுத்த 71 படங்களைத் தொகுதியாக்கினார். பதுங்கு குழிகளின் வளைவுக் கோடுகள், டாங்கித் தடங்கள், மணலில் பாதி புதைந்த போர்வைகள். அடிவானம் தவிர்க்கப்பட்டிருப்பதால், ஒரு படம் நூறு மீட்டர் உயரத்திலிருந்து எடுத்ததா, முழங்கால் உயரத்திலிருந்து எடுத்ததா என்று பல இடங்களில் தடுமாற வேண்டியிருக்கும். 1922இல் தூசியை நிலம் என்று விளையாட்டாகச் சொன்னார்கள். இங்கே நிஜமான போர்க்களம் தூசியாகத் தெரிகிறது. குவைத்தில் அந்த மாதங்களை அனுபவித்தவர் இந்தப் படங்களை அரூபம் என்று சொல்ல ஒப்புவாரா என்பது சந்தேகம். பாரிஸ் காட்சிக்கூடத்தில் நிற்பவருக்கு அழகான கோடுகள். அங்கே வேலை பார்த்து ஓடிவந்த ஒரு கேரளத்துக்காரருக்கோ தமிழருக்கோ அது தெரிந்த மணல். இரண்டு பேரையும் பிரிப்பது ரசனை இல்லை.

லென்ஸுக்கு எதிரே ஏதோ இருந்தாக வேண்டும் என்றேன். அதையும் உடைத்துக் காட்டியவர்கள் உண்டு. 2000இல் பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசு வாங்கிய முதல் புகைப்படக் கலைஞரான வொல்ஃப்காங் டில்மான்ஸ், ‘ஃப்ரைஷ்விம்மர்’ என்ற தொகுதியைக் கேமராவே இல்லாமல் செய்தார். இருட்டறையில் ஒளிப்படத் தாளின்மேல் விளக்குகளைக் கையால் அசைத்து வந்த தடங்கள் அவை. லென்ஸ் இல்லை, எதிரே பொருளும் இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தண்ணீரில் கரையும் மை தெரிகிறது, தோலடி நரம்பு தெரிகிறது, அலையும் தலைமயிர் தெரிகிறது. நீச்சலைக் குறிக்கும் தலைப்பு வேறு தண்ணீர்ப் பக்கம் தள்ளிவிடுகிறது. அதே வடிவங்களைத் தூரிகையால் போட்டிருந்தால் இத்தனை பேர் ‘இது என்ன?’ என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஒளிப்படத் தாள் என்றதுமே கண் பொருளைத் தேட ஆரம்பித்துவிடுகிறது.

கடைசியாக நஸ்ரீன் மொஹமதி. 1937இல் கராச்சியில் பிறந்தவர், பரோடாவில் ஓவியம் கற்பித்தவர், 1990இல் இறந்தார். மையும் பென்சிலும் ஸ்கேலும் கொண்டு அவர் வரைந்த கோட்டு ஓவியங்களுக்காகத்தான் உலகம் அவரை அறியும். 2016இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் தன் புதிய கிளையைத் திறந்தபோது முதல் கண்காட்சிகளில் ஒன்று அவருடையது. ஆனால் அவர் புகைப்படங்களும் நிறைய எடுத்திருந்தார்: ஃபத்தேபூர் சிக்ரியின் கல் விளிம்புகள், சாலைக் கோடுகள், கடற்கரை மணல், நிழல்கள். உயிரோடு இருந்தவரை காட்சிக்கு வைக்கவில்லை. தலைப்பும் இல்லை. அவை ஓவியத்துக்கு முந்தைய குறிப்புகள் என்று ஒரு சாரார். தனிப் படைப்புகள் என்று இன்னொரு சாரார். முகலாயக் கட்டடக்கலையின் ஒழுங்கு என்பவர் உண்டு, மேற்கத்திய நவீன ஓவியத்தின் உறவினர் என்பவர் உண்டு. மியூசியத்தில் அவற்றைக் கோட்டு ஓவியங்களுக்குப் பக்கத்தில் மாட்டும்போது, தலைப்பு இல்லாத குறையை அந்தப் பக்கத்துச் சட்டகம் தீர்த்துவைத்துவிடுகிறது.

அவற்றில் தறியில் இழுத்துக் கட்டிய நூல்களின் படமும் உண்டு. நெருக்கமான வெள்ளை இழைகள் தூரத்தை நோக்கிக் குவிந்து போகின்றன. விமர்சகர்கள் அதில் தூரக் காட்சியின் இலக்கணத்தையும் முடிவின்மையையும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலோ அருப்புக்கோட்டையிலோ தறி வீட்டில் வளர்ந்த ஒருவரிடம் அதைக் காட்டினால் பாவு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அதோடு விடமாட்டார். இழை எத்தனை நெருக்கம், எங்காவது அறுந்திருக்கிறதா, இழுவிசை சீராக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.